கோபேல சின்ன தெப்பன்யாகி கடையில கோபே பீஃப் சாப்பிடப் போறீங்களா: புக்கிங்ல இருந்து பில் வரைக்கும்

ஜப்பான் சுத்திப் பாக்க வர்ற நண்பர்களை கோபேக்குக் கூட்டிட்டுப் போயி, பக்கத்து சீட்ல உக்காந்து கவனிச்சதுல, எல்லாரும் தடுமாறுறது அதே மூணு இடத்துல தான். எந்த மாடுன்னு பாக்காம கோர்ஸ் (வரிசையா வர்ற செட் சாப்பாடு) புக் பண்றது, கிராமை அதிகமா சொல்லிடுறது, கறி தட்டுக்கு வந்தப்புறம் அதை ஆற விடுறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசு குடுக்கிறப்ப அது வீணாப் போகக் கூடாதுன்னு தான் வரிசையா எழுதுறேன். கோபே நகரத்து சன்னோமியா ஸ்டேஷன் பக்கம் எட்டு பத்து சீட் மட்டும் இருக்கிற கவுண்டர் கடைகளை வச்சு எழுதினது இது, பெரிய ஹோட்டல் ரெஸ்டாரண்ட்டுக்குப் பாதி தான் பொருந்தும்.

கீழ வர்ற எல்லா ஸ்டெப்புக்கும் பின்னாடி ஒரே காரணம் தான் இருக்கு, அதை முதல்ல சொல்லிடுறேன். இந்தக் கறியில நீங்க காசு குடுக்கிறதே அதுக்குள்ள கோடு கோடா ஓடுற கொழுப்புக்குத் தான். அது மத்த மாட்டுக் கொழுப்பை விடக் குறைஞ்ச சூட்டுலயே உருகிடும், வாசனையும் ருசியும் அதுல தான் இருக்கு, ஆனா ஆறிடுச்சுன்னா மார்கழிக் காலைல நெய் உறையுற மாதிரி உறைஞ்சு நாக்குல ஒட்டிக்கும், போதாததுக்கு வயித்தையும் சீக்கிரம் நிரப்பிடும். அதனால கொஞ்சமா வாங்கணும், சூடா சாப்பிடணும், கொழுப்பு கம்மியா இருக்கிறதுல இருந்து ஆரம்பிக்கணும்.

1. எந்த ஸ்டைல்னு முதல்ல முடிவு பண்ணுங்க

தெப்பன்யாகி, யாகினிக்கு, சுகியாக்கி, ஷாபு ஷாபுன்னு நாலு வழி இருக்கு. முதல் தடவை போறவங்களுக்கு நான் தெப்பன்யாகி தான் சொல்லுவேன், ஏன்னா உங்க கண்ணு முன்னாடி கனமான இரும்புத் தட்டுல செஃப்பே சமைச்சுக் குடுக்கிறாரு, பக்குவம் தப்புற வாய்ப்பு குறைவு.

யாகினிக்குல நீங்களே சுடணும், கறி மெல்லிசா இருக்கும், பேச்சு சுவாரசியத்துல கொஞ்சம் கண்ணை எடுத்தாலும் கொழுப்பெல்லாம் கீழ நெருப்புல போயிடும். சுகியாக்கில சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு ரசம், அதுக்கு மேல பச்சை முட்டையில தோய்ச்சு சாப்பிடுறது, அருமையா தான் இருக்கும், ஆனா கறியோட சொந்த ருசி என்னன்னு அதுல தெரிஞ்சுக்க முடியாது. ஷாபு ஷாபுன்னா மெல்லிசு கறியைக் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துச் சாப்பிடுறது. அதையெல்லாம் ரெண்டாவது தடவைக்கு வச்சுக்கோங்க.

2. மெனுல இருக்கிற பேரைச் சரியாப் படிங்க

பெரும்பாலானவங்க ஏமாறுற இடம் இது, இத்தனைக்கும் கடை பொய் சொல்லியிருக்காது, நாம தான் படிச்சிருக்க மாட்டோம். ஒரே கடையில ஒரே மெனு கார்டுல நாலு வகை மாட்டுக்கறி இருக்கலாம்.

கொகுசான் க்யுன்னு இருந்தா ஜப்பான்ல வளந்த மாடுன்னு மட்டும் தான் அர்த்தம், அது பால் மாடு இனமாவோ கலப்பினமாவோ கூட இருக்கலாம், வாக்யுன்னு எடுத்துக்க முடியாது. வாக்யுங்கிறது நாலு ஜப்பானிய இனங்களுக்குப் பொதுப் பேரு, அதுல பெரும்பங்கு குரோகேங்கிற கறுப்பு இனம். கடை போர்டுல கோபே பீஃப்னு பெருசா எழுதியிருக்கும், உள்ள குறைஞ்ச விலை கோர்ஸ்ல குரோகே வாக்யுன்னு மட்டும் இருக்கும், அதைச் சாப்பிட்டுட்டு கோபே பீஃப் சாப்பிட்டேன்னு சந்தோஷமா திரும்பிப் போனவங்க நிறைய பேரு.

கோபே பீஃப்னு விக்கணும்னா அந்த மாடு குரோகே இனத்துல தாஜிமாங்கிற வம்சமா இருக்கணும், கோபே இருக்கிற ஹ்யோகோ மாகாணத்துக்குள்ளயே பொறந்து வளந்து அங்கயே வெட்டப்பட்டிருக்கணும், 28 மாசத்துல இருந்து 60 மாசத்துக்குள்ள இருக்கணும், கன்னு போடாத பசுவாவோ காயடிச்ச காளையாவோ இருக்கணும், கொழுப்போட்டத்தை அளக்கிற பிஎம்எஸ்ங்கிற 12 படி அளவுகோல்ல குறைஞ்சது 6 வாங்கணும். அதே தாஜிமா வம்சத்து மாடு இந்த அளவைத் தொடலைன்னா தாஜிமா பீஃப்னு வரும். கையில காசு இறுக்கமா இருந்தா பேரில்லாத வாக்யுவை விட தாஜிமா பீஃப் கோர்ஸ் எடுங்க, வம்சம் ஒண்ணு தான், கொழுப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவு தான்.

ஏ5ங்கிற கிரேடு விஷயமும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா ஏ5 இல்லன்னா வேண்டாம்னு அடம் பிடிக்கிறவங்களை அடிக்கடி பாக்குறேன். அந்த ஏ, பி, சி எழுத்து ஒரு மாட்டுல இருந்து எவ்வளவு கறி தேறுதுங்கிற கணக்கு, வியாபாரிக்குத் தேவையானது, உங்க நாக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 1ல இருந்து 5 வரைக்கும் வர்ற நம்பர் தான் தரம், அதுல கொழுப்போட்டம், கறியோட நிறம், இறுக்கம், கொழுப்போட நிறம்னு நாலையும் பாத்து, இருக்கிறதுல குறைஞ்ச மார்க்கைத் தான் போடுவாங்க. பிஎம்எஸ் 8ல இருந்து 12 வரை 5, 5ல இருந்து 7 வரை 4. அப்படின்னா ஏ4 கோபே பீஃப்னு ஒண்ணு முறையாவே இருக்கு, கொழுப்பு அதிகம் தாங்காதவங்களுக்கு அது தான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

3. கடை உண்மையா விக்குதான்னு பாக்குறது

கோபே பீஃப் சங்கம்னு ஒண்ணு இருக்கு, 1983ல இருந்து. அதுல பதிவு பண்ண கடைகளோட லிஸ்ட் அவங்க வெப்சைட்லயே கிடைக்கும், கடை வாசல்லயோ கவுண்டர்லயோ ஒரு சின்ன மாட்டுச் சிலையும் உறுப்பினர் சான்றிதழும் வச்சிருப்பாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி லிஸ்ட்ல கடை பேரைத் தேடிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

ஜப்பான்ல ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க நம்பர் உண்டு, 2001ல பைத்திய மாடு நோய் வந்ததுக்கப்புறம் போட்ட சட்டம். நல்ல கடையில அன்னைக்கு வெட்டுற மாட்டோட நம்பர் போர்டுல எழுதியிருக்கும், இல்லன்னா கேட்டா காட்டுவாங்க. அதை போன்ல அடிச்சா மாடு எங்க பொறந்துச்சு, எங்க வளந்துச்சு எல்லாம் வந்துடும். கேக்குறதுக்குக் கூச்சப்பட வேண்டாம், பெருமையா எடுத்துக் காட்டுற செஃப்களைத் தான் நான் பாத்திருக்கேன்.

ராத்திரி சன்னோமியா தெருக்கள்ல மெனு கார்டோட நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுறவங்க பின்னாடி மட்டும் போயிடாதீங்க. கவனமா நடத்துற சின்னக் கடைக்கு தெருவுல ஆள் பிடிக்க வேண்டிய தேவை இருக்காது.

4. கூட வர்றவங்க என்ன சாப்பிடுவாங்க

நம்ம ஆளுங்க கூட்டமா போறப்ப கண்டிப்பா ஒருத்தராவது பீஃப் சாப்பிடாதவரு இருப்பாரு, ஒரு வெஜிடேரியன் இருப்பாங்க. இதை வாசலுக்குப் போயி யோசிக்கக் கூடாது. சின்னக் கவுண்டர்ல இருக்கிறது ஒரே இரும்புத் தட்டு, காய்கறி வதக்குறதும் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்புல தான், மிசோ சூப்ல (புளிக்க வச்ச சோயா விழுதுல செய்றது) மீன் இறங்கின தாஷிங்கிற சாறு இருக்கும். பீஃப் வேண்டாம்னா நண்டு, இறால், மீன் கோர்ஸ் சில கடையில குடுப்பாங்க, ஆனா தட்டு அதே தட்டு தான். வெஜிடேரியன் நண்பரை இங்க உக்கார வச்சு வெறும் சோறு சாப்பிட வைக்காதீங்க பாவம், அந்த நேரத்துக்கு அவங்க வேற கடைக்குப் போறது தான் மரியாதை.

ஹலால் பாக்குறவங்க எந்தக் கடையையும் ஹலாலா இருக்கும்னு அனுமானம் பண்ணாதீங்க. கறி மட்டுமில்ல, சாஸ்ல மிரின், சாக்கேன்னு அரிசியில செய்ற மது வகைகள் இருக்கும், சில செஃப் கடைசியில பிராந்தி ஊத்திக் கொளுத்துவாரு. ஹலால் சான்றிதழோட வாக்யு குடுக்கிற கடைகள் தனியா இருக்கு, அதைத் தேடிப் பிடிச்சு புக் பண்ணுங்க.

சின்னக் குழந்தைங்க இருந்தா புக் பண்றப்பவே வயசைச் சொல்லணும். கைக்கெட்டுற தூரத்துல கொதிக்கிற இரும்பு இருக்கிறதால சில கடையில அனுமதிக்க மாட்டாங்க, அது நியாயமும் கூட.

5. புக்கிங்

முதல்ல மதியமா ராத்திரியான்னு முடிவு பண்ணுங்க. மதிய கோர்ஸ் சில ஆயிரம் யென்ல ஆரம்பிச்சு 10,000 யென்னைத் தாண்டும், ராத்திரி அதே கடையில 15,000, 20,000, அதுக்கு மேலயும் போகும். மதியம் கிராம் குறைவா இருக்கும், முன்னாடி வர்ற சின்னச் சின்ன ஐட்டங்கள் குறையும், ஆனா செஃப்பும் தட்டும் அதே தான். முதல் தடவைக்கு மதியமே போதும்னு நான் சொல்லுவேன். ஒரே விஷயம், விலை குறைஞ்ச மதிய கோர்ஸ்ல தான் மாட்டோட வகை மாறிப் போறது ரொம்ப நடக்கும், அதனால ரெண்டாவது ஸ்டெப்பை மறக்காதீங்க.

கடை வெப்சைட்லயோ புக்கிங் ஆப்லயோ இங்கிலீஷ்லயே பண்ணலாம், போன்ல மட்டும் எடுக்கிற கடைன்னா நீங்க தங்குற ஹோட்டல் ரிசப்ஷன்ல சொன்னா பேசிக் குடுப்பாங்க. சொல்ல வேண்டியது: எத்தனை பேரு, எந்த கோர்ஸ், எத்தனை கிராம், யாருக்கு என்ன ஒத்துக்காது. வந்து சொல்லிக்கலாம்னு நினைக்காதீங்க, பத்து சீட் கடையில அன்னைக்கு வர்ற ஆளுங்களுக்குத் தகுந்த மாதிரி தான் கறி எடுத்து வைப்பாங்க, கடைசி நிமிஷத்துல மாத்துறதுக்கு உள்ள சரக்கே இருக்காது.

கேன்சல் பண்ணணும்னா முன்னாடி நாளே பண்ணிடுங்க. பல கடைகள்ல அன்னைக்கு கேன்சல் பண்ணா முழுத் தொகையும் எடுப்பாங்க, சொல்லாம வராம இருந்தா அந்த சீட் அன்னைக்குக் காலி தான், எட்டு சீட்ல ரெண்டு சீட் காலின்னா அவங்க வருமானத்துல கால்வாசி போச்சு. கார்டு எடுப்பாங்களா இல்ல கேஷ் மட்டுமான்னும் அப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

6. அன்னைக்கு வேற என்ன பண்ணணும், பண்ணக் கூடாது

பசியோட போங்க, ஆனா காலைல இருந்து பட்டினி கிடக்காதீங்க. வெறும் வயித்துல இவ்வளவு கொழுப்பு இறங்கினா குமட்டும். மதியம் ரேமன் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு ராத்திரி இங்க வர்றதும் தப்பு. காலைல லேசா ஏதாவது, மதியம் ஒரு சின்ன ஓனிகிரி (சோத்து உருண்டை), அது போதும்.

சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க. தோளோட தோள் உரசுற கவுண்டர்ல உங்க வாசனை பக்கத்து சீட்காரர் தட்டு வரைக்கும் போகும். நல்ல பட்டுச் சேலையும் வேண்டாம், பூண்டும் கொழுப்பும் பொரியுற வாசனை துணியில ஏறி ராத்திரி வரைக்கும் இருக்கும்.

ஓசாகால இருந்து வர்றீங்கன்னா ஜேஆர் ஸ்பெஷல் ரேபிட் ரயில்ல சன்னோமியாவுக்கு அரை மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், ஷின்கன்சென் புல்லட் ரயில்ல வந்தா ஷின் கோபேல இறங்கி சப்வேல ஒரு ஸ்டாப். ஆனா கடை பெரும்பாலும் ஏதாவது கட்டிடத்தோட மூணாவது நாலாவது மாடியில, சின்ன போர்டோட இருக்கும், வாசலைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆகும். லேட்டாகும்னா உடனே சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கிற கடையா இருந்தா நீங்க ஒருத்தர் லேட்டா வந்தா மத்தவங்க கறியும் சேர்ந்து காத்துக் கிடக்கும்.

7. வெட்டு, கிராம், பக்குவம்

இந்த மூணையும் ஒண்ணா யோசிக்கணும், ஒண்ணு மாறினா மத்த ரெண்டும் மாறும்.

வெட்டுன்னா, சர்லாயின் தான் கொழுப்பு நிறைஞ்சது, இந்தக் கறியோட முழு ருசியும் அதுல இருக்கு. ஃபில்லே மெத்துன்னு இருக்கும், கொழுப்பு குறைவு, விலை பெரும்பாலும் அதிகம். ரம்ப், இச்சிபோ மாதிரி பின்பக்கத்து வெட்டுகளை அகாமின்னு சேத்து விப்பாங்க, கறி வாசனை தூக்கலா இருக்கும், விலையும் குறையும். அகாமின்னா கொழுப்பே இல்லாததுன்னு அர்த்தமில்ல, கோபே பீஃப்ல அகாமிலயும் நம்ம ஊர் கறியை விடக் கொழுப்பு அதிகமா தான் இருக்கும்.

ரெண்டு பேரு போறீங்கன்னா ரெண்டு பேரும் சர்லாயின் சொல்லாதீங்க. ஒருத்தர் அகாமியோ ஃபில்லேயோ, இன்னொருத்தர் சர்லாயின் சொல்லி, ரெண்டையும் பாதி பாதி பிரிச்சு வைக்கச் சொல்லுங்க. தட்டு மேலயே வெட்டிப் பிரிக்கிறதால பெரும்பாலான செஃப்களுக்கு இது கஷ்டமே இல்லை. இப்படிச் செஞ்சா வித்தியாசம் நாக்குல தெரியும், சர்லாயின் திகட்டவும் செய்யாது.

கிராம், ஆளுக்கு 100ல இருந்து 120, பெரிய பசிக்காரங்களுக்கு 150. இதுக்கு மேல போகாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். வேற நாட்டுல 300 கிராம் ஸ்டேக் சாப்பிட்டுப் பழகினவங்க இது என்ன ரெண்டு வாய்க்குக் காணாதுன்னு 250 சொல்லுவாங்க, பாதியிலயே முகம் மாறிடும், மீதி தட்டுல உறைஞ்சு கிடக்கும். முன்னாடி சாலட், சூப், பின்னாடி காய்கறி, சோறுன்னு வர்றதால வயிறு நிரம்பாம போகாது.

பக்குவம், செஃப் கேப்பாரு, மீடியம் ரேர்னு (நடுவுல சிவப்பு இருக்கிற அளவு) சொல்லுங்க. ரேரா, அதாவது உள்ள பச்சையாவே எடுத்தா நடுவுல இருக்கிற கொழுப்பு உருகியே இருக்காது, வழவழன்னு நிக்கும். முழுசா வேக வச்சா உருகி வெளிய ஓடி தட்டுல போயிடும், நீங்க காசு குடுத்ததே அதுக்குத் தான். நடுவுல சிவப்பு பாத்தா பிடிக்காதவங்க மீடியம் வரைக்கும் போகலாம், சர்லாயின் அதைத் தாங்கும், ஃபில்லே அவ்வளவு தாங்காது. எதுவும் புரியலையா, ஓமகசேன்னு செஃப் கையில விட்டுடுங்க, அன்னைக்குக் கறி எப்படின்னு அவருக்குத் தான் தெரியும்.

8. தட்டுல நடக்கிறதும் நீங்க சாப்பிடுற வரிசையும்

ஆரம்பத்துல செஃப் பச்சைக் கறியைக் கொண்டு வந்து காட்டுவாரு. போட்டோ எடுக்க இது தான் நேரம், வேணும்கிற வரைக்கும் எடுத்துக்கோங்க, வீடியோ எடுக்கலாமான்னும் இப்பவே கேட்டுக்கோங்க.

அப்புறம் மெல்லிசா நறுக்கின பூண்டை மாட்டுக் கொழுப்புல பொன்னிறமா வறுத்து எடுத்து வைப்பாரு. பூண்டை முதல்ல வறுக்கிறதுக்குக் காரணம், அந்த வாசனை இறங்கின கொழுப்புல தான் பின்னாடி காய்கறியும் கறியும் வேகும். கறியை நல்ல சூட்டுல வச்சு ரெண்டு பக்கமும் நிறம் ஏத்திட்டு, தட்டோட சூடு குறைஞ்ச ஓரத்துக்குத் தள்ளுவாரு, சில பேரு மூடி போட்டு மூடுவாங்க. அந்த நேரத்துல ஆயிடுச்சான்னு கேட்டு அவசரப்படுத்தாதீங்க, உள்ள இருக்கிற கொழுப்பு உருகுறதே அப்ப தான்.

வாய்க்கு ஒண்ணா வெட்டி ரெண்டு ரெண்டா வைப்பாரு, மொத்தமா வைக்க மாட்டாரு. அந்த ரெண்டையும் வச்ச உடனே சாப்பிடணும். இங்க தான் நிறைய பேரு போனை எடுக்கிறாங்க, கோணம் பாத்து, லைட் பாத்து, வாட்ஸ்அப்ல அனுப்பி முடிக்கிறதுக்குள்ள கொழுப்பு இறுகிடுது, அப்புறம் ஓவர் ஹைப்னு சொல்றாங்க. முதல் துண்டை வாயில போட்டுட்டு அப்புறம் பேசுங்க. சில கடையில கறிக்கு அடியில ஒரு ரொட்டித் துண்டு வச்சிருப்பாங்க, வழியுற கொழுப்பை உறிஞ்சி சூட்டையும் பிடிச்சு வைக்கிறதுக்கு, கடைசியில அதைத் தட்டுல வாட்டித் தருவாங்க, விட்டுடாதீங்க.

முதல்ல அகாமி அல்லது ஃபில்லே, அப்புறம் தான் சர்லாயின். மாத்தி சாப்பிட்டா சர்லாயினோட கொழுப்பு நாக்குல படிஞ்சிடும், அப்புறம் ஃபில்லே சப்புன்னு இருக்கும்.

தொட்டுக்க உப்பு, வசாபி (காரமான பச்சை விழுது), பொன்சு (எலுமிச்சை மாதிரி புளிப்பு சாஸ்), சோயா சாஸ், கடையோட சொந்த சாஸ்னு வரிசையா இருக்கும். முதல் துண்டு எதுவும் தொடாம, ரெண்டாவது ரெண்டு கல் உப்போட, மூணாவது வசாபி வச்சு. வசாபியைப் பாத்து பயப்பட வேண்டாம், கொழுப்பு அதோட காரத்தை அமுக்கிடும், வெறுமனே சாப்பிட முடியாத அளவு வச்சாலும் சர்லாயினோட சாதாரணமா இருக்கும். கொஞ்சம் திகட்ட ஆரம்பிச்சா பொன்சு, அந்தப் புளிப்பு வாயைக் கழுவிடும். இனிப்பு சாஸை கடைசிக்கு வைங்க, அதை முதல்லயே தொட்டா மிச்ச எல்லாமே ஒரே ருசி தான்.

ஐஸ் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே சாப்பிடாதீங்க, வாயில இருக்கிற கொழுப்பு அப்படியே உறைஞ்சிடும். சூடா டீ கேளுங்க, இல்லன்னா சூடான ஊலாங் டீ. நடுநடுவுல வர்ற கிழங்கு வகை, வெங்காயம், முளைப்பயறு எல்லாம் அலங்காரத்துக்கு வர்றது இல்லை, ரெண்டு துண்டு கறிக்கு ஒரு வாய் காய்னு மாத்தி மாத்தி சாப்பிட்டா கடைசித் துண்டு வரைக்கும் ருசி தெரியும்.

9. சோறு

கடைசியில வெள்ளைச் சோறா பூண்டுச் சோறான்னு கேப்பாங்க. பூண்டுச் சோறு அதே தட்டுல மாட்டுக் கொழுப்புல வறுக்கிறது, பெரும்பாலும் கூடுதல் காசு. ஃபில்லேயோ அகாமியோ சாப்பிட்டிருந்தா பூண்டுச் சோறு எடுங்க. 150 கிராம் சர்லாயின் சாப்பிட்டிருந்தா வெள்ளைச் சோறு, சிவப்பு மிசோ சூப், ஊறுகாய்ப் பக்கம் போயிடுங்க, அதுக்கு மேல கொழுப்பை உடம்பு ஏத்துக்காது. ஆரம்பத்துலயே சோறு கொண்டாங்கன்னு கேக்கிற பழக்கம் நமக்கு உண்டு, கேட்டா குடுத்துடுவாங்க, ஆனா வயிறு அதுலயே நிரம்பிடும்.

10. பில்

மெனுல ரெண்டு விலை இருந்தா வரி சேத்த விலையைப் பாருங்க, உக்காந்து சாப்பிட்டா 10 சதவீதம். அதுக்கு மேல சில கடையில 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் உண்டு, மெனுவோட அடியில சின்ன எழுத்துல இருக்கும். ரெண்டு பேருக்கு 40,000 யென்னு நினைச்சுப் போனா குடிச்சதும் சர்வீஸும் சேர்ந்து 48,000 வரைக்கும் வந்து நிக்கலாம், முன்னாடியே கணக்குல வச்சுக்கோங்க.

டிப்ஸ் வைக்காதீங்க, மறந்துட்டுப் போறீங்கன்னு தெரு வரைக்கும் ஓடி வந்து திருப்பிக் குடுப்பாங்க. மிச்சக் கறியை பார்சல் கேக்குறதும் இங்க வழக்கம் இல்லை, அதுக்காகவும் தான் கிராமைக் குறைச்சு சொல்லுங்கன்னு சொன்னேன். எழுந்திரிக்கிறப்ப செஃப்பைப் பாத்து "கொச்சிசோசமா தேஷ்தா"ன்னு (சாப்பாட்டுக்கு நன்றின்னு அர்த்தம்) சொல்லிட்டு வாங்க. காபியோ ஐஸ்கிரீமோ கோர்ஸ்ல இருந்தா சில கடையில அதை வேற டேபிள்ல தருவாங்க, கவுண்டர்ல அடுத்தவங்க உக்காரணும், அங்கயே உக்காந்து பேசிட்டு இருக்காம அந்தப் பக்கம் போயிடுங்க.